வன்னியில் பிறந்த ஒருவர் வைன் தயாரிப்பாளராக முடியுமா?

ஒட்டுசுட்டான் பக்கம் பால் சேகரிப்பு நிலையம் ஒன்றில் பரிசோதனை வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தாராம், கம்பஸ் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மச்சாள் ஒருத்தி வைன் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவள் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தனக்கும் அந்த வேலையில் ஆசை வந்துவிட்டது, அதற்கு என்ன படிக்கவேண்டும் என்பது கேள்வி. ஆனால் கடைசியில் எழுதியிருந்த ஒரு வரிதான் அவர் உண்மையில் கேட்க வந்தது என்று நினைக்கிறேன்: "வீட்டில் சொன்னால் சாராயம் காய்ச்சப் போறியா என்று கேட்பினம்." இது எங்களைப் போன்ற ஆட்களுக்கு உரிய தொழில்தானா, இதில் சோறும் மரியாதையும் கிடைக்குமா என்பதுதான் அதற்குள் இருக்கும் கேள்வி. படிப்பைப் பற்றியும் சொல்கிறேன், இதைப் பற்றியும் சொல்கிறேன்.

நானும் வன்னியில் பிறந்து வளர்ந்தவள்தான். விவசாயப் போதனாசிரியராக வரவேண்டும் என்றுதான் படித்தேன். பிறகு மாணவர் விசாவில் தென் அவுஸ்திரேலியாவுக்குப் போனபோது, வீட்டு வாடகைக்காக, வைன் ஆலைகள் நிறைந்த பறோசா பள்ளத்தாக்கில் அறுவடைக்கால வேலையொன்றில் சேர்ந்தேன். முதலில் தாங்கி கழுவும் வேலை, அடுத்த பருவத்தில் ஆய்வுகூடம், அதற்குப் பிறகு தயாரிப்பாளருக்கு உதவியாள் என்று அந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. இப்போது கிளிநொச்சி மாவட்டத்தில் கள்ளைப் போத்தலில் அடைக்கும் நிலையம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டைப் பார்க்கிறேன். ஆகவே பழம் தொழிற்சாலை வாசலுக்கு வந்த பிறகு நடப்பவற்றை நான் கைப்பட அறிவேன். திராட்சைக் கொடி வளர்ப்பு என் தொழில் அல்ல. அதைப்பற்றிக் கீழே சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியானதைச் சொல்கிறேன். நீங்கள் இப்போது செய்யும் வேலை, வைன் ஆய்வுகூட வேலையில் பாதி. பாலின் புளிப்பைப் பார்க்க அதில் பினோப்தலீன் இரண்டு துளி விட்டு, சோடியம் ஐதரொட்சைட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, இளஞ்சிவப்பு நிறம் நிலைத்ததும் பியூரெட்டில் அளவை வாசிக்கிறீர்கள் அல்லவா? பழச்சாற்றின் அமிலத்தையும் அப்படியே அளக்கிறோம். கறுத்த சாறு என்றால் நிறமாற்றம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் பிஎச் மானியை வைத்து 8.2 வரும்வரை விடுகிறோம், அவ்வளவுதான். லக்டோமீற்றரை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்த பாலைப் பிடிப்பவருக்கு, ஹைட்ரோமீற்றரை மிதக்கவிட்டுச் சாற்றில் எவ்வளவு சீனி இருக்கிறது என்று பார்ப்பது ஒரு நாள் பாடம். கானைக் கழுவாமல் பாலை ஊற்றினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. வைன் ஆலைகளில் புதிதாக வருபவர்களுக்குப் புரியவைக்கப் பெரும்பாடு படும் விடயம் அதுதான்.

கணக்கும் பெரிதாக இல்லை. ஒரு லீற்றர் சாற்றில் இருக்கும் ஒவ்வொரு 17 கிராம் சீனியும் ஏறத்தாழ 1 வீத அற்ககோலாக மாறும். நாவல்பழச் சாற்றில் லீற்றருக்கு 120 கிராம் சீனி இருக்கிறது என்று வையுங்கள். அப்படியே நொதிக்கவிட்டால் 7 வீதத்தோடு நின்றுவிடும். அந்த வைன் எங்கள் வெக்கையில் அதிக நாள் தாங்காது, பக்டீரியா புகுந்துவிடும். 11 வீதம் வேண்டுமென்றால் 187 கிராம் சீனி இருக்கவேண்டும், அதாவது லீற்றருக்கு இன்னும் 67 கிராம் சேர்க்கவேண்டும். அமிலத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பிஎச் எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். பிஎச் 3.2 இல் இருக்கும் வைனைக் கெடாமல் காக்கக் கொஞ்சம் கந்தகவீரொட்சைட்டு போதும், 3.8 ஆகிவிட்டால் அதே பாதுகாப்புக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு வேண்டும், அந்த அளவில் மூக்கைக் குத்தத் தொடங்கிவிடும். சூடான நாடுகளில் விளையும் பழத்துக்குப் பொதுவாகவே அமிலம் குறைவு. எங்களுடைய பப்பாசியின் பிஎச் 5 க்கு மேல் போகும். அமிலம் சேர்க்காமல் அதில் வைன் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மச்சாளின் வீடியோவில் மரப் பீப்பாயும் கண்ணாடிக் கிளாசும் வந்திருக்கும். நடைமுறையில் நாளின் பெரும்பகுதி கழுவுவதிலேயே போகும். குழாய், பம்பி, தாங்கி, வால்வு என்று எல்லாவற்றையும் காரத்தில் ஒரு தரம், சிற்றிக் அமிலத்தில் ஒரு தரம், பிறகு தண்ணீரில் ஒரு தரம் கழுவவேண்டும். அறுவடைக் காலத்தில் பன்னிரண்டு மணிநேர வேலை சாதாரணம், இரவு முறையும் உண்டு. கறுத்தத் திராட்சை நொதிக்கும்போது தோல்கள் எல்லாம் மேலே எழும்பி ஒரு தடித்த படையாக மிதக்கும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை அதைக் கீழே அமுக்கவேண்டும், இல்லாவிட்டால் மேற்பரப்பு காய்ந்து வினாகிரி வாடை பிடித்துவிடும். கோலை அழுத்தினால் முதலில் இறங்காது. உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தும்போது சடாரென்று உடையும். உடைந்த இடத்தில் ஊதா நிற நுரை சீறிக்கொண்டு வரும், முகத்தில் வெந்நீராவி போலச் சூடு அடிக்கும். கூடவே கண்ணைக் கரிக்கும் காபனீரொட்சைட்டும் வரும். இந்த வாயுவைப் பற்றி விளையாட்டாக எண்ணவேண்டாம். பாழடைந்த கிணற்றைத் துப்புரவாக்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே இறந்துபோன செய்திகள் எங்கள் ஊர்களுக்குப் புதிதல்ல. நொதிக்கும் தாங்கிக்குள்ளும் அதே சாவுதான் இருக்கிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் நொதிக்க வைக்கக்கூடாது, வாயு அளவுமானியும் வெளியே ஓர் ஆளும் இல்லாமல் தாங்கிக்குள் தலையை விடக்கூடாது.

வெப்பம் அடுத்த பிரச்சினை. நொதித்தல் தானே சூட்டை உண்டாக்கும். சாறு 35 பாகையைத் தொட்டால் ஈஸ்ட் சோர்ந்து வேலையை நிறுத்திவிடும்; மிச்சச் சீனி பக்டீரியாவுக்கு விருந்தாகும். அவுஸ்திரேலியாவில் தாங்கியைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் உறை இருந்தது. கிளிநொச்சியில் சித்திரையில் அறையின் வெப்பமே 34 பாகைக்கு வந்துவிடும். ஆகவே இங்கே வைன் போடுகிறவருக்குப் பழத்தைவிடக் குளிரூட்டலும் மின்சாரக் கட்டணமும்தான் முதல் செலவு. மண்பானையைச் சாக்கால் சுற்றி ஈரமாக்கி வைத்தால் போதும் என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து லீற்றருக்கு அது சரிவரலாம், ஆயிரம் லீற்றருக்குச் சரிவராது.

சரி, வன்னியில் வைனுக்கான திராட்சை வளருமா? இந்த இடத்தில்தான் உறுதி குறைகிறது. முந்திரிகைக் கொடி, அதாவது திராட்சைக் கொடி, வளரும் என்பதில் சந்தேகம் இல்லை, யாழ்ப்பாணத்தில் காலம் காலமாக வளர்கிறது. வெப்பநாட்டில் கொடி குளிர்காலத் தூக்கம் போடுவதில்லை. கத்தரித்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் வரும், அதனால் அறுவடை எப்போது வரவேண்டும் என்பதைக் கத்தரிக்கோல்தான் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை இப்படித்தான் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை காய்க்கிறது. பிரேசிலில் சாவோ பிரான்சிஸ்கோ ஆற்றங்கரையில் பெற்றோலினாவைச் சுற்றி வைன் ஆலைகள் இருக்கின்றன. அந்த ஊர் பூமத்திய கோட்டுக்குத் தெற்கே 9 பாகையில் இருக்கிறது, கிளிநொச்சி வடக்கே 9 பாகையில். இதைக் கேட்டதும் எல்லாருக்கும் உற்சாகம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் அது வறண்ட நிலம், ஆற்றுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து வளர்க்கிறார்கள். இங்கே மாரியில் ஐப்பசி தொடங்கித் தை வரை கொட்டுகிற மழையில் இலைக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். கோடையில் பழுக்கவைத்தால் இரவும் குளிராது. இரவு குளிராத இடத்தில் பழத்துக்குப் புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் எரிந்துபோகும், சீனி ஏறினாலும் சுவை தட்டையாகிவிடும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் சிறுபோக நெல்லுக்கே பங்குபோட்டுக் கொடுக்கப்படுகிறது. குரங்கையும் மயிலையும் யானையையும் நான் சொல்லியா உங்களுக்குத் தெரியவேண்டும்? வன்னியில் சாப்பாட்டுத் திராட்சை விளைவிக்கலாம், நல்ல வைன் திராட்சை விளையும் என்று நிரூபித்துக்காட்ட இன்னும் பல வருடப் பரிசோதனை வேண்டும் என்பது என் கருத்து. காணியை ஈடுவைத்துக் கொடி நடவேண்டாம்.

ஆனால் வைன் என்பது இந்தப் பக்கத்துக்கே அந்நியமான பொருள் என்று சொல்வதையும் நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். வலிகாமத்தில் தோலகட்டி ஆச்சிரமத்துச் செபமாலைத் தாசர் சபையாரின் நெல்லிரசத்தையும் வைனையும் யாழ்ப்பாணத்தார் நன்றாக அறிவார்கள். 1928 இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய துறவற சபை அது. செபமும் கைத்தொழிலும் அங்கே ஒன்றாகவே நடந்தன. மடுவிலும் முல்லைத்தீவிலும் ஒவ்வொரு திருப்பலியிலும் வைன் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி அது கெட்டுப்போகாத, இயற்கையான முந்திரிகைப்பழ வைனாகவே இருக்கவேண்டும், வேறு பழத்தில் செய்தது செல்லாது. வீட்டில் பேசும்போது இதையும் சொல்லுங்கள்.

என் நம்பிக்கை முழுவதும் இங்கே ஏற்கெனவே இருக்கும் பழங்களிலும் கள்ளிலும்தான். மன்னார் கொண்டச்சிப் பக்கத்திலும் முல்லைத்தீவிலும் மரமுந்திரிகை (கஜு) தோட்டங்கள் இருக்கின்றன. கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே அழுகவிடுகிறோம். அந்தப் பழத்தில் சாறும் சீனியும் நிறைய உண்டு, தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பும் உண்டு. அந்தத் துவர்ப்பை எடுக்க ஓர் எளிய வழி இருக்கிறது. அரிசிக் கஞ்சித் தண்ணீரையோ சவ்வரிசிக் கஞ்சியையோ சாற்றில் கலந்து அசையாமல் விட்டால், துவர்ப்பைத் தரும் தனின் அதோடு ஒட்டி அடியில் படியும். சில மணிநேரத்தில் கலங்கிய மஞ்சள் சாற்றின் மேற்பகுதி தெளிந்து வரும், அதை மெதுவாக வேறு பாத்திரத்துக்கு வடித்தெடுக்கவேண்டும். விழுந்த பழம் ஒரு நாள்கூடத் தாங்காது என்பதுதான் பெரிய இடைஞ்சல். காலையில் பொறுக்கியதைப் பின்னேரத்துக்கு முதல் பிழிந்துவிட வேண்டும், ஆகவே ஆலை தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். பாலைப்பழத்தையும் பலர் கேட்கிறார்கள். வாசனை அருமைதான், ஆனால் அதன் பால் பிசின் வடிகட்டியை அடைத்துவிடும். ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் அனுமதி இல்லாமல் பொறுக்கவும் முடியாது. நாவலுக்கு நிறமும் அமிலமும் இருப்பதால் நான் அதற்கே முதல் இடம் கொடுப்பேன்.

கள்ளைத் தாழ்வாக எண்ணாதீர்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காத இனிப்பான கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு. நொதித்தலைத் தொடங்கவும் நிறுத்தவும் தெரிந்த தொழிலாளர்கள் எங்கள் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். மரத்தில் இருந்து இறக்கிய கள் சில மணிநேரத்திலேயே புளிப்பேறத் தொடங்கும். அதை வடித்து, சரியான நேரத்தில் சூடாக்கி, போத்தலில் மாதக்கணக்கில் நிற்கவைப்பது சாதாரண வேலை இல்லை. பறோசாவில் படித்ததைவிட வேகமாக முடிவெடுக்கப் பழகியது நான் இங்கேதான். வைன் ஒரு நாள் பொறுக்கும், கள் அரை மணிநேரம் பொறுக்காது.

இனிச் சட்டம். வீட்டில் ஒரு வாளியில் பரிசோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பதும், அப்படித் தயாரித்ததை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம், பழ வைன் என்பதற்காகச் சட்டம் விட்டுவைக்காது. பெண் என்பதால் உங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. மதுபானம் தயாரிக்கும், விற்கும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைக்க மதுவரி ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும் என்று 1979 இல் ஓர் அறிவித்தல் வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார், சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தைத் திரும்பப் பெறச் சொன்னார். என்னை வேலைக்கு எடுத்தவர்கள் எழுத்தில் அனுமதி வாங்கித்தான் எடுத்தார்கள். உங்கள் விடயத்திலும் வேலை தருபவர் மதுவரி அலுவலகத்தில் அன்றைய நிலையைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும். சொந்தமாகத் தொடங்கும் கனவு இருந்தால் இதையும் அறிந்திருங்கள்: 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி மதுபானத்துக்கு விளம்பரம் செய்ய முடியாது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவும் முடியாது. பேஸ்புக்கில் படம் போட்டு வியாபாரம் பிடிக்கும் வழி இந்தத் தொழிலுக்கு இல்லை.

மெதனோல் பயத்தைப் பற்றியும் கேட்பார்கள். பழத்தில் இருக்கும் பெக்ரின் என்ற பொருளில் இருந்து வைனில் மிகச் சிறிய அளவு மெதனோல் வருவது உண்மை, முறையாகச் செய்த வைனில் அது ஆளைப் பாதிக்கும் அளவு இல்லை. கள்ளச்சாராயத்தில் கூட்டம் கூட்டமாகச் சாவு விழுவது பெரும்பாலும் தொழிற்சாலை மெதனோலைக் கலந்து விற்பதால். இரண்டும் வேறு வேறு என்பதை வீட்டாருக்கு அமைதியாக விளக்கலாம்.

ஆனால் வீட்டாரின் மனக்கசப்பு மெதனோலைப் பற்றியது அல்ல, தங்கச்சி. வன்னியில் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் எத்தனை குடும்பத்தை உலைத்தது என்று நீங்களும் நானும் கண்ணால் கண்டவர்கள். கூலிக் காசு வீட்டுக்கு வராத பின்னேரங்கள் எப்படி இருக்கும் என்று எங்கள் அம்மாமாருக்குத் தெரியும். அவர்கள் சொல்வதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட்டு இந்தத் தொழிலுக்கு வருபவர்களை எனக்குப் பிடிக்காது. என் அம்மா நெடுங்காலம் நான் "பழச்சாறுக் கொம்பனியில்" வேலை செய்வதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை நான் திருத்தவில்லை. ஒரு நாள் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளை மேலங்கியும் பியூரெட்டும் கழுவிய தரையும் பார்த்தார், கள் இறக்கும் ஐயாமாருக்கு அன்றன்றே காசு எண்ணிக் கொடுப்பதையும் பார்த்தார். அதன் பிறகு அவர் பேச்சு மாறியது, முழுதாக அல்ல. குடிக்கிறவர் கையில் அது என்னவாகும் என்ற கேள்வி எனக்குள்ளும் இருக்கிறது. அதற்கு முடிவான பதில் என்னிடம் இல்லை. மலிவான, கடுமையான குடிக்குப் போட்டியாக இன்னொரு மலிவுச் சரக்கைச் செய்யமாட்டேன் என்ற ஒரு கோட்டை மட்டும் எனக்காகப் போட்டு வைத்திருக்கிறேன்.

தொழிலாக எடுப்பது எப்படி? எதிர்பாராமல் இதற்குள் வந்தவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். இந்தியாவில் நாசிக்கில் சூலா வைன் ஆலையைத் தொடங்கிய ராஜீவ் சாமந்த் ஸ்டான்போர்டில் பொறியியல் படித்து ஒராக்கிளில் வேலை செய்தவர். 2000 ஆம் ஆண்டு அவருடைய முதல் வைன் வெளிவந்தது. அந்தக் கதையில் பலர் கவனிக்காத விடயம், அவருக்குக் குடும்பக் காணி இருந்தது, நாசிக் விவசாயிகள் ஏற்கெனவே திராட்சை வளர்க்கக் கற்றிருந்தார்கள் என்பதுதான். முதலீடு இல்லாத எங்களுக்கு வாசல் அறுவடைக்கால வேலை. தெற்கு நாடுகளில் மாசி முதல் சித்திரை வரையும், வடக்கில் ஆவணி முதல் ஐப்பசி வரையும் ஆலைகளுக்கு ஆள் போதாது. இரண்டு பக்கமும் மாறிமாறி வேலை செய்து கற்றவர்களே அதிகம், அவர்களுக்குப் பட்டம் பிறகுதான் வந்தது. இலங்கைக் கடவுச்சீட்டோடு இதற்கு விசா எடுப்பது கடினம், நான் மாணவர் விசாவில் போனதற்கும் காரணம் அதுதான். "வைன் தோட்டத்தில் வேலை, காசைக் கட்டுங்கள்" என்று வரும் முகவர், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுபெற்றவரா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கவேண்டாம். வைன் சுவைத்துப் பார்க்கும் சான்றிதழ்ப் படிப்புகளுக்கும் செலவழிக்காதீர்கள். அவை ஹோட்டலில் பரிமாறுபவருக்கும் விற்பவருக்கும் உரியவை, தயாரிப்பவருக்கு நுண்ணுயிரியலும் இரசாயனமும்தான் வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பால் நிலைய வேலையை விடமாட்டேன். அந்தச் சம்பளத்தோடு உணவுத் தொழில்நுட்பத்தில் ஒரு டிப்ளோமா படிப்பேன். அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது, அங்கே உணவு விஞ்ஞானம் தெரிந்தவர்களிடம் போய்ப் பேசுவேன். அனுமதிப்பத்திரம் உள்ள கள் நிலையம் ஒன்றில் ஒரு பனங்கள்ளுக் காலம் வேலை பழகக் கேட்பேன். அதுவரை நொதிக்கவைக்காமலே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. சாற்றின் சீனியைக் காட்டும், கையில் அடங்கும் றிஃப்ராக்டோமீற்றர் ஒன்றை வாங்கி, உங்கள் பக்கத்து நாவல், மரமுந்திரிகை, விளாம்பழம் எல்லாவற்றையும் பருவம் தொடங்கி முடியும்வரை வாரம் ஒரு தடவை பிழிந்து, சீனியையும் அமிலத்தையும் பிஎச்சையும் மரத்தின் பெயரோடும் திகதியோடும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். வன்னிப் பழங்களுக்கு அப்படி மரவாரியாக எழுதிய ஒரு பதிவை நான் இன்னும் யாரிடமும் பார்க்கவில்லை. ஒரு பருவம் எழுதி முடித்த பிறகு அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து இங்கேயே போடுங்கள், எந்தப் பழத்தை எடுக்கலாம் என்று நானும் உங்களோடு இருந்து பார்க்கிறேன்.